பின்னால் தொங்கிய சக்கரம்

எங்கள் கேரவனின், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீட்டின், பின்சுவரில் நான்கு போல்ட் ஓட்டைகள் இருக்கின்றன. சிலிக்கோன் வைத்து அடைத்திருக்கிறேன். அதன் மேல் பேத்தி ஒரு மயில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால் அழகுக்கு என்று சொல்லிவிடுவேன். மூன்று மாதம் அங்கே ஸ்பேர் டயர் தொங்கியது. அதை அங்கே மாட்டியவன் நான்தான்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றை அச்சு, நாலு மீட்டர் பெட்டி, உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் கட்டியது, என் கைக்கு வரும்போது ஏற்கெனவே இரண்டு பேர் கை மாறியிருந்தது. இழுப்பது மருமகனின் ஹைலக்ஸ் பிக்கப். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் கேரவன் வைத்திருக்கிறேன் என்றால் ரோஜாக் விற்கப் போகிறாயா என்று கேட்பார்கள். கேட்டார்கள். ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகா, ரோட் டாக்ஸ் கதை எல்லாம் தனியாக எழுத வேண்டியது, இங்கே வேண்டாம்.

ஸ்பேர் டயர் முதலில் முன்னால்தான் இருந்தது, ஹைலக்ஸில் மாட்டும் கொக்கிக்குப் பின்னே இருக்கும் பெட்டியில், சமையல் கேஸ் தோம்போடு சேர்ந்து. இங்கே நாம் வீட்டில் வைக்கும் 14 கிலோ தோம்பு என்றால் உள்ளே கேஸ் 14 கிலோ, இரும்பும் ஏறக்குறைய அதே எடை. இரண்டும் சேர்ந்தால் பெட்டியில் வேறு எதற்கும் இடமில்லை. வீட்டுக்காரிக்குப் பாய், பாத்திரம், மடக்கு நாற்காலி எல்லாம் போட இடம் வேண்டும். எனக்கோ ஜீப்பின் பின்னால் டயர் தொங்குவது போல நம் வண்டிக்கும் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று ஓர் ஆசை. பட்டறையில் ஒரு பிராக்கெட் அடித்து, பின்சுவரில் மாட்டிவிட்டேன். டயருக்கு உறை கூடத் தைத்தோம்.

அப்புறம் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. வடக்கே கெடாவின் பீடோங்கில். அவ்வளவு பேருக்கும் படுக்க இடம் இருக்காது, கேரவனை வாசலில் நிறுத்தினால் பிள்ளைகள் அதில் தூங்கிக்கொள்ளும் என்று முடிவு. சீர்வரிசையாக ஒரு வெட் கிரைண்டர் வாங்கியிருந்தோம், கல்லோடு 15 கிலோ. அதைப் பின்பக்க அலமாரியில் வைத்துக் கட்டினேன். தண்ணீர்த் தொட்டியும் அச்சுக்குப் பின்னால்தான், 40 லிட்டர் நிரப்பினேன். பீடோங்கில் தண்ணீர் கிடைக்காதா என்று இப்போது கேட்கலாம், அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

கோலகங்சார் வரைக்கும் பழைய சாலை, ஒன்றும் தெரியவில்லை. டோல் ஏறி பிளஸ் நெடுஞ்சாலையில் தைப்பிங் பக்கம் போகும்போது புக்கிட் பெராப்பிட் மலை வரும். ஏறினோம். இறங்கும்போது மணிக்கு 90 இருக்கும். ஒரு விரைவு பஸ் வலதுபக்கம் வேகமாகக் கடந்தது. அது பக்கத்தில் வரும்போது காற்று நம் வண்டியை வெளியே தள்ளும், கடந்து போகும்போது உள்ளே இழுக்கும். பெரிய வண்டி கடக்கும்போது எப்போதும் நடப்பதுதான். ஆனால் இந்தத் தடவை தள்ளியது நிற்கவில்லை. கண்ணாடியில் பார்க்கிறேன், இடது கண்ணாடியில் கேரவன் முழுசாகத் தெரிகிறது, உடனே மறைந்து வலது கண்ணாடியில் தெரிகிறது. ஸ்டீரிங் என் கையிலேயே இல்லாத மாதிரி. பின்சீட்டில் இருந்து பேத்தி சொன்னாள்: "தாத்தா, வீடு ஆடுது!"

பிரேக் மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன், எதிர்ப்பக்கம் திருப்பவில்லை. அது புத்தி இல்லை, பழக்கம். செம்பனைத் தோட்டத்தில் பத்தொன்பது வருசம் டிராக்டர் ஓட்டியவன் நான். ஏழெட்டு ஆட்டத்துக்குப் பிறகு 70-க்கு இறங்கியதும் வால் அடங்கியது. வீட்டுக்காரி கையில் இருந்த தேங்காய்ப் பையை விடவே இல்லை.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, கேரவனின் கொக்கியைக் கழற்றி ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது. அப்படி முடியக்கூடாது. தாத்தா ஞாபகம் வந்தது.

தாத்தா மாட்டு வண்டிக்காரர். தோட்டத்து ஷீட் ரப்பரை ஏற்றிக்கொண்டு சுங்கை சிப்புட் ரயில் ஸ்டேஷனுக்குப் போவார். சுமை ஏற்றி முடிந்ததும் மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியைக் கையில் பிடித்துத் தூக்கிப் பார்ப்பாராம். கையிலேயே கணக்கு. கனமாக இருந்தால் மாட்டின் கழுத்தில் பாரம் அமுக்கும். லேசாக இருந்தால் அதைவிட மோசம், நுகம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், மேட்டில் மாடு தொங்கிப்போகும். "முன்பாரம் இருந்தா மாடு திட்டும், பின்பாரம் இருந்தா மாடு செத்துப்போகும்" என்பார். ஆக, முன்பாரம் கொஞ்சம் வேண்டும். ரொம்ப வேண்டாம்.

டிராக்டரிலும் அதே கதைதான். செம்பனைக் குலையைப் பின்னால் இருந்து எறிகிறவர்கள் டிரெய்லரின் வாயிலேயே குவித்துவிடுவார்கள், உள்ளே தள்ளுவதற்குச் சோம்பல். அப்படி ஏற்றினால் மேட்டில் டிராக்டரின் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்காது, சும்மா சுற்றும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கத்துவார், இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் டயருக்கு உறை தைத்து மாட்டினேன்.

ஓய்விடத்தில் கிரைண்டர், டயர் இரண்டையும் ஹைலக்ஸ் பின்கட்டுக்கு மாற்றினோம். தண்ணீரைத் திறந்து விட்டோம். பீடோங் வரைக்கும் 70-க்கு மேல் போகவில்லை. பால் காய்ச்சுவதற்குள் போய்ச் சேர்ந்தோம், அது போதும்.

திரும்பி வந்த பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டேன். எங்கள் ஊரில் செம்பனைக் குலை வாங்கும் இடத்தில் லோரி எடைமேடை இருக்கிறது. அங்கே தெரிந்த பையன் ஒருவன். அன்றைக்கு ஏற்றிய மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றி, டயரையும் பின்னால் மாட்டி, கேரவனை மட்டும் மேடையில் விட்டு எடை பார்த்தேன்: 1,120 கிலோ. கொக்கியில் எவ்வளவு அமுக்குகிறது என்பதற்கு மகளின் குளியலறைத் தராசு. கேரவனை மட்டமான தரையில் நிறுத்தி, கொக்கி ஹைலக்ஸில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் நிற்கும்படி ஒரு கட்டையை அறுத்து, கட்டையைத் தராசின் மேல் வைத்து, கொக்கியை அதன் மேல் இறக்க வேண்டும். முதல் தடவை கட்டை நீளமாகிவிட்டது, மூக்கு மேலே தூக்கி நின்றது, எண்ணும் தப்பாக வந்தது. அறுத்துச் சரிசெய்த பிறகு வந்தது 31.

31 கிலோ. மொத்த எடையில் மூன்று சதவீதம் கூட இல்லை. இங்கிலாந்தில் கேரவன்காரர்கள் 5-லிருந்து 7 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் சுமார் 10 என்பார்கள். அங்கே வண்டிகளின் அமைப்பு வேறு, அச்சு இருக்கும் இடம் வேறு. எப்படிப் பார்த்தாலும் மூன்று கிடையாது. மேலெல்லை இன்னொன்று: ஹைலக்ஸின் இழுவைக் கம்பியில் அடித்திருக்கும் தகட்டில் 100 கிலோ என்று போட்டிருக்கிறது, அதைத் தாண்டக்கூடாது.

டயர் ரிம்மோடு 20 கிலோ. எங்கள் கேரவனில் கொக்கியிலிருந்து அச்சு 3.6 மீட்டர். பின்சுவர் அச்சுக்குப் பின்னால் 2.4 மீட்டர். 20-ஐ 2.4-ஆல் பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் 13. அதாவது பின்னால் தொங்கிய டயர் மூக்கிலிருந்து 13 கிலோவைத் தூக்கிவிட்டது. அதே டயர் முன்பெட்டியில் இருந்தபோது மூக்குக்கு 15 கிலோ கொடுத்துக்கொண்டிருந்தது. மாற்றியதில் மொத்தம் 28 கிலோ போச்சு. நாலு போல்ட்டுக்கு.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, ரொம்பச் சுலபம், முன்பெட்டியில் ஒரு மணல் மூட்டையைப் போடு, தராசு சரியாகிவிடும் என்றார். தராசு சரியாகும், வண்டி சரியாகாது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தைப்பூசத்தில் பார்த்திருப்பீர்கள், பால்குடம் தலையில் வைத்திருப்பவர் சட்டென்று திரும்புவார், சட்டென்று நிற்பார். அகலமான மயில்தோகைக் காவடி எடுத்தவர் ஒரு சுற்றுச் சுற்றினால் உடனே நிற்க முடியாது, காவடி அவரை இழுத்துக்கொண்டு இன்னும் கால் சுற்றுப் போகும். இரண்டு பக்கமும் பாரம் சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் தூரத்தில் இருக்கிறது. முன்னால் மூட்டை, பின்னால் டயர் என்றால் நம் கேரவன் அந்தக் காவடி. ஒருமுறை ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது பெரும்பாடு. இதில் தூரத்தை அதே தூரத்தாலேயே பெருக்கிக் கணக்குப் பார்க்க வேண்டும். பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் ஆட்டத்தில் அதன் பங்கு காலாகிவிடும். 2.4 மீட்டரில் தொங்கிய டயரை அச்சிலிருந்து அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் இருபது மடங்குக்கு மேல் குறைகிறது. ஆகவே கனமானது அச்சுக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டி. மேலே அலமாரியில் பாய், தலையணை, மிக்சர் பாக்கெட்.

சரி, டயரை எங்கே வைத்தேன்? ஹைலக்ஸ் பின்கட்டு நல்ல இடம்தான், ஆனால் அங்கே பேரப்பிள்ளைகளின் சைக்கிள் இரண்டு ஏறுகிறது. அதனால் தரைக்கு அடியில், அச்சுக்கு அரை மீட்டர் முன்னால், சட்டத்தோடு சேர்த்து இழுத்து எடுக்கிற தட்டு ஒன்று அடித்தேன். அதில் 16 கிலோ மூக்குக்குத் திரும்பி வந்தது. கிரைண்டர் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டது, அதில் 9. தொட்டியைக் காலியாக ஓட்டுகிறேன், அதில் 13. இப்போது தராசில் 69, மொத்தம் 1,065, ஆறரை சதவீதம். கொக்கியை ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை. தாத்தா தலையாட்டுவார்.

அடியில் வைப்பதற்கும் ஒரு கஷ்டம் உண்டு. நடுரோட்டில் தெரிந்துகொள்வதைவிட வாசலில் தெரிந்துகொள்ளலாம் என்று இடதுபக்க டயரின் காற்றை வேண்டுமென்றே இறக்கிவிட்டு ஒத்திகை பார்த்தேன். வண்டி அந்தப் பக்கம் படுத்துவிட்டது, தட்டு புல்லில் இடித்து வெளியே வரவே இல்லை. நாற்பது நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் ஜாக்கி வைத்துத் தூக்கு, பிறகு தட்டை இழு, இதுதான் வரிசை. காடியோடு, அதாவது காரோடு, வரும் ஜாக்கி இதற்குச் சேராது. பாட்டில் ஜாக்கி, அடியில் போட ஒரு தடித்த பலகை, ஏனென்றால் நம் ஊர் மண்ணில் மழைக்குப் பிறகு ஜாக்கிதான் கீழே போகும், வண்டி மேலே வராது. சட்டத்தில் குறித்த இடத்தில் வைக்க வேண்டும், தரைப்பலகையில் வைத்தால் கிழித்துக்கொண்டு போகும். நாலு மூலையிலும் இருக்கும் முட்டுக்கால்களைச் சுற்றித் தூக்கலாம் என்று நினைக்காதீர்கள். அவை நிற்கிற வண்டி ஆடாமல் பிடிக்கத்தான், தூக்க அல்ல.

அந்த ஒத்திகையில்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. ஸ்பேர் ரிம் கேரவனில் பொருந்தவே இல்லை! ஐந்து துளை, 14 அங்குலம், எல்லாம் சரி, ஆனால் துளைகள் அமைந்த வட்டம் சில மில்லிமீட்டர் வேறு. முந்தைய சொந்தக்காரர் யாரோ ஏதோ பழைய வேன் ரிம்மை வைத்துத் தந்திருக்கிறார், ஒரு தடவை கூட மாட்டிப் பார்க்கவில்லை. நானும் மூன்று மாதம் அதற்கு உறை போட்டுக் காட்சிக்கு வைத்திருந்தேன்.

டயர் கடை முதலாளி தவுக்கே அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு நகத்தால் ஓர் இடத்தைக் காட்டினார். ஓரத்தில் நாலு இலக்கம், 2313. 2013-ஆம் வருசத்தின் 23-ஆவது வாரம். தரையில் படும் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது, பக்கச்சுவரில் மட்டும் காய்ந்த வாய்க்கால் மாதிரி வெடிப்பு. ஓடாத டயரும் கிழமாகும். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் நட்டார்கள், அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. அந்த மரத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் போகிறோம், பால்மரத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்கு ரப்பரின் வயதைப் பார்க்கத் தெரியவில்லை என்று தவுக்கேயே சிரித்தார்.

இப்போது மூன்றும் ஒரே மாதிரி 195ஆர்14சி, வேன் டயர். பக்கத்தில் 106/104 என்று இருக்கும், ஒற்றைச் சக்கரமாகப் போட்டால் ஒன்று 950 கிலோ தாங்கும், எங்கள் வண்டிக்குத் தாராளம். அளவு ஒன்றாக இருந்தாலும் சாதாரணக் காடி டயரைப் போடக்கூடாது, சுமை எண் பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு 50 கிலோமீட்டர் ஓடி, நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கினேன். ஒரு நட்டு கால் சுற்றுப் போனது.

போன மாதம் கிரிக் வழியாகப் பண்டிங் ஏரிக்குப் போனோம். கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்காரி அரிசி மூட்டையோடு வாசலில் நின்று, "ஏங்க, இது அச்சுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டாள். பத்துக் கிலோ, நடுவில் வை என்றேன். குளியலறைத் தராசு கேரவனிலேயே இருக்கிறது, மகள் புதுசு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.