கல்லாவில் கவரை நிறுத்தியாச்சு, குடோனில் சேருவதை என்ன செய்வது?

"இது 120 மைக்ரான், யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொல்லி விற்கப்படும் கவர் தமிழ்நாட்டில் செல்லாது. சென்னை பாரிமுனை மொத்தக் கடைகளில் கட்டு வாங்கப் போகிற மளிகைக்காரர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

அந்த 120 எங்கிருந்து வந்தது? மைக்ரான் என்பது தடிமன் கணக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல் வந்தபோது கேரி பேக்கின் குறைந்தபட்ச தடிமன் 50 மைக்ரான். 2021-ல் செய்த திருத்தம் அதை 30.9.2021 முதல் 75 ஆகவும், 31.12.2022 முதல் 120 ஆகவும் உயர்த்தியது. ஆனால் தமிழ்நாடு அதற்கு முன்பே தனி அரசாணை போட்டுவிட்டது. 2018 ஜூனில் அறிவித்து 1.1.2019 முதல் நடைமுறைக்கு வந்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கான அந்தத் தடையில் 14 பொருட்கள் உண்டு. கேரி பேக் பற்றி அதில் உள்ள வாசகம் 'தடிமன் எதுவாக இருந்தாலும்' என்பது. ஆகவே இங்கே மைக்ரான் பேச்சுக்கே வேலை இல்லை. பால், எண்ணெய், மருந்து அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கு இருக்கிறது. சாமான் போட்டுக் கொடுக்கும் கவருக்கு இல்லை.

அதே பட்டியலில் நான்-ஓவன் பையும் இருக்கிறது. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் கடைகளில் அதை 'துணிப்பை' என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துணி என்றால் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நூல் தெரியும், ஓரத்தில் ஒரு இழையைப் பிடித்து உருவினால் நீளமாக வரும். நான்-ஓவனில் நூலே இருக்காது. வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் அழுந்தியிருக்கும், இழுத்தால் பஞ்சு மாதிரிப் பிய்யும். அது பாலிப்ரொப்பிலீன், அதாவது முழு பிளாஸ்டிக். தையல் போட்டிருப்பதால் அது துணி ஆகிவிடாது.

அடுத்தது 'பயோ கவர்'. மக்கும் பிளாஸ்டிக்கில் செய்த பைக்கு அரசாணையில் விலக்கு உண்டு, நிபந்தனையோடு. பையின் மேல் 'கம்போஸ்டபிள்' என்று இருக்க வேண்டும், ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் பெயரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். 'பயோ', 'ஈகோ', 'ஆக்ஸோ' என்று பச்சை இலை மட்டும் போட்டிருந்தால் அது எந்தக் கணக்கிலும் வராது.

கடையிலேயே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள். பையில் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தேய்த்து எடுத்துவிட்டு விடுங்கள். மேலே வந்து மிதந்தால் அது சாதாரண பிளாஸ்டிக், சந்தேகமே வேண்டாம். மக்கும் பிளாஸ்டிக் தண்ணீரைவிட கனம், அது அடியில் தங்கும். ஆனால் மூழ்கியதை வைத்து மட்டும் நல்ல பை என்று முடிவு கட்டாதீர்கள். சுண்ணாம்புத் தூள் நிறைய கலந்த பாலித்தீனும் மூழ்கும். மிதந்தால் போலி என்பது உறுதி, மூழ்கினால் சான்றிதழ் எண்ணைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் இந்தச் சோதனை சொல்லும். நிஜமான மக்கும் பையும் கால்வாயில் விழுந்தால் சீக்கிரம் மக்கிவிடாது. அந்தத் தரத்துக்கான சோதனையே 58 டிகிரி சுமாரில் சூடு நிற்கும் உரக்குவியலில் நடப்பது. வடசென்னையின் ஓட்டேரி நல்லா ஓடையிலோ கேப்டன் காட்டன் கால்வாயிலோ அந்தச் சூடு ஏது?

2019-ல் நிர்ணயித்த அபராதம்: மளிகை, மருந்துக் கடை போன்றவற்றுக்கு முதல் முறை 1,000, அடுத்து 2,000, மூன்றாவது 5,000 ரூபாய். சிறு வியாபாரிகளுக்கு 100, 200, 500. சேமித்து வைப்பதும் மொத்தமாக விநியோகிப்பதும் 25,000-ல் ஆரம்பிக்கும்.

சரி, மெல்லிய கவரை ஏன் காயலான் கடைக்காரர் வாங்குவதில்லை? கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள பையின் இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.24 சதுர மீட்டர். 20 மைக்ரானில் அதன் எடை ஏறக்குறைய நாலரை கிராம். ஒரு கிலோ சேர 220 கவருக்கு மேல் குனிந்து பொறுக்க வேண்டும். அதில் பாதி எடை மண்ணும் ஈரமுமாக இருக்கும். பொறுக்குகிறவருக்கு கூலி கட்டாது. அதனால்தான் பாட்டில் காணாமல் போகிறது, கவர் மட்டும் கொடுங்கையூர் குப்பைமேடு வரைக்கும் போய்ச் சேருகிறது. அதே அளவு பை 120 மைக்ரானில் 27 கிராம் வரும். மத்திய விதி தடிமனை ஏற்றியதற்கு இந்த எடைதான் முக்கியமான காரணம்.

உண்மையில் மறுசுழற்சிக்குத் தகுதியான சரக்கு கல்லாவில் இல்லை, கடையின் பின்பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் கட்டின் மேல் சுற்றிய ஷ்ரிங்க், அட்டைப்பெட்டிகளைச் சுற்றி வரும் ஸ்ட்ரெச் ஃபிலிம், சர்க்கரை மூட்டைக்குள் இருக்கும் லைனர், எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் சட்டைக்குச் சட்டை உரிக்கும் கவர். சுத்தமாக, ஒரே வகையாக, தினமும் ஒரே இடத்தில் சேருகிறது. இதை எச்சில் இலையோடும் டீ கப்போடும் ஒரே தொட்டியில் போடுவதுதான் பெரிய இழப்பு.

பிரிப்பதற்கு மூன்று சாக்கு போதும். முதல் சாக்கில் எல்.டி. (குறைந்த அடர்த்தி பாலித்தீன்): விரலால் இழுத்தால் நீண்டு, வெளுத்து, கடைசியில்தான் அறும். ஷ்ரிங்க், ஸ்ட்ரெச், லைனர் எல்லாம் பெரும்பாலும் இதில் வரும். இரண்டாவதில் ஹெச்.எம். (அதிக அடர்த்தி பாலித்தீன்): கசக்கினால் சரசரக்கும், கண்ணாடி போல் இல்லாமல் மங்கலாக இருக்கும். மூன்றாவதில் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்): சட்டைக் கவர் மாதிரி பளபளவென்று இருக்கும், நீளவே நீளாது, ஓரத்தில் கீறினால் நேர்க்கோட்டில் கிழியும். பின்னிய அரிசிச் சாக்கும் பி.பி.தான், ஆனால் அதைத் தனியாகக் கட்டி வையுங்கள், அதற்கு வாங்குபவர் வேறு. உட்புறம் வெள்ளி மினுக்கும் சிப்ஸ், பிஸ்கட் உறை எந்தச் சாக்கிலும் சேராது. மக்கும் பையும் சேரக் கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? எல்.டி. 110 டிகிரி சுமாரில் உருகும், பி.பி.க்கு 160 தாண்ட வேண்டும். எல்.டி. ஓடும் மெஷினில் பி.பி. புகுந்தால் முழுசாக உருகாமல் கட்டி கட்டியாக நிற்கும். அதிலிருந்து வரும் குருணையை (மறுசுழற்சி பிளாஸ்டிக் மணி) உருக்கி, காற்றால் பலூன் மாதிரி ஊதி ஃபிலிம் ஆக்கும்போது கட்டி இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்து பலூன் மொத்தமும் சரிந்துவிடும். காகித லேபிள் கருகிக் கரும்புள்ளியாகும், மெஷின் வாயில் இருக்கும் வலையை அடைக்கும். ஈரம் ஆவியாகிக் குருணைக்குள் குமிழியாக நிற்கும். செல்லோடேப்பும் பி.பி. ஃபிலிம்தான். ஆகவே லேபிள், டேப் ஒட்டிய பகுதியைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடுங்கள், உரிக்க மெனக்கெட வேண்டாம். ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூடப் போகக் கூடாது. அச்சில்லாத வெள்ளையைத் தனியாக வைத்தால் விலை கூடும். கலர் கலந்தால் கறுப்புக் குருணைக்குத்தான் ஆகும்.

சொந்தப் பெயர் அச்சடித்துப் பருப்பு, மசாலா பாக்கெட் போடும் பெரிய சூப்பர் மார்க்கெட் சங்கிலிகளுக்கு, தாங்கள் விடும் பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பேற்பது விருப்பம் அல்ல, கடமை. 2022 பிப்ரவரியில் வந்த விரிவுபடுத்தப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு (ஈ.பி.ஆர்.) வழிகாட்டுதல்படி அவர்கள் பதிவு செய்து, சந்தையில் விட்ட பிளாஸ்டிக்குக்குக் கணக்குக் காட்ட வேண்டும். குறு, சிறு நிறுவனமாக இருக்கும் கடைகளுக்கு அந்தப் பதிவு கிடையாது. அதற்காகப் பின்பக்கத்துச் சாக்கை விட்டுவிட வேண்டியதில்லை.

மீன் கவர் தனிக் கதை. காசிமேட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் கவரில் ரத்தமும் உப்புத் தண்ணீரும் செதிலும் ஒட்டியிருக்கும். அதைக் கழுவ ஆகும் தண்ணீரின் விலைக்குக்கூட அந்த பிளாஸ்டிக் பெறாது. சால்னா கட்டிய கவரும் அப்படித்தான். இந்த இரண்டையும் சேகரித்துப் பயனில்லை, வராமல் தடுப்பதுதான் வழி. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு அல்லது பெயின்ட் வைக்காத ஒரு பழைய வாளி, இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கடைக்கு மஞ்சப்பை தைக்கக் கொடுப்பவர்களுக்கு அளவு: 36 அங்குல அகலத் துணி ஒரு மீட்டர் எடுத்தால் 14-க்கு 16 அங்குலப் பை இரண்டு வரும். ஒரு பைக்கு 15-க்கு 34 வெட்டுங்கள். மிச்சமாகும் 9 அங்குலப் பட்டையை மூன்றாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் ஆறு கைப்பிடி, தேவை நாலு. பை கிழிவது எப்போதும் கைப்பிடி சேரும் இடத்தில்தான். விளிம்பில் ஒரே ஒரு நேர்த்தையல் போட்டு விடுவார்கள், ஐந்து கிலோ அரிசிக்கே பிய்ந்து வரும். கைப்பிடியை மடித்த விளிம்புக்குக் கீழே ஒன்றரை அங்குலம் இறக்கி, சதுரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

ஃபிலிம் சாக்குகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், எலி மூத்திரமும் தரை ஈரமும் ஏறாது. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தரைத்தள குடோன் என்றால், சேர்ந்ததை அக்டோபருக்கு முன்பே எடைக்குப் போட்டுவிடுங்கள். ஒரு மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் மூன்று மாதம் பிரித்த சரக்கு ஒரே நாளில் குப்பை லாரிக்குப் போய்விடும்.