வீட்டுத் தீர்வை கூடியபோது எங்கள் தெருவில் நடந்தது

2022 ஆடி மாதம் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கதவு இடுக்கில் நகராட்சி நோட்டீஸ் செருகியிருந்தது. அதுவரை அரையாண்டுக்கு 640 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த வீட்டுத் தீர்வை, அதாவது சொத்து வரி, இனி 1,120 ரூபாய். தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்திருந்தது. அன்று ராத்திரி குழாயடியில் வேறு பேச்சே இல்லை.

எங்களுடையது கரிசல் காட்டில் தீப்பெட்டியை நம்பி வளர்ந்த ஊர்களில் ஒன்று. என் மாமனார் காலத்தில் தெருவுக்குத் தெரு கை தீப்பெட்டி செட்டுகள் இருந்தன. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் வீட்டுப் பெண்களுக்கு எந்நேரமும் வேலை இருந்தது. இயந்திர ஆலைகள் வந்தன, அப்புறம் லைட்டர் வந்தது. செட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. நான் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அதனால் இது எனக்கு எண்களாகவே தெரியும். 2007-இல் 50 பைசாவிலிருந்து 1 ரூபாய் ஆன தீப்பெட்டி, 14 வருஷம் அதே விலையில் நின்றது. 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. அந்த விலையேற்றமும் மெழுகு, அட்டை, பாஸ்பரஸ் விலையை ஈடுகட்டுவதற்கே போனது. வேலைக்கு வருகிறவர்களின் கையில் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. கொரோனாவுக்கு வாங்கிய வட்டிக் கடனே பல வீடுகளில் முடியாமல் கிடந்தது.

வரி உயர்வு திடீரென்று நோட்டீசோடு வந்ததல்ல. ஏப்ரல் 1-ஆம் தேதியே அரசு அறிவித்துவிட்டது. சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கும் 100 சதவீதம். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு போட்ட நிபந்தனைப்படி சொத்து வரியைத் திருத்தினால்தான் உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் வரும் என்பது அரசு சொன்ன காரணம். எங்களைப் போன்ற ஊர்களில் கடைசியாக வரியைத் திருத்தியது 2008-இல். வரியை ஏற்றவே கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. விடியுமுன் வந்து எங்கள் வாறுகால் சாக்கடையைச் சுத்தம் செய்கிற பெண்ணுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கிடைக்க வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும். ஆனால் 14 வருஷம் ஏற்றாமல் இருந்துவிட்டு, ஊர் படுத்துக் கிடக்கிற நேரத்தில் ஒரே மூச்சில் முக்கால் பங்கு ஏற்றினால் எங்கே போவது?

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் தீர்மானம் போட்டது, 30 நாட்களுக்குள் ஆட்சேபணை தரலாம் என்று அறிவிப்பு வந்தது. தெருவே கையெழுத்துப் போட்டு ஒரே மனுவாகக் கொடுத்தோம். தீர்மானம் வந்த அன்று சில கவுன்சிலர்கள் வெளிநடப்புச் செய்தார்கள், மற்றவர்கள் கை தூக்கினார்கள், முடிந்தது. எங்கள் வார்டு கவுன்சிலர் நல்ல மனிதர். நேராகவே சொன்னார். “அக்கா, எத்தனை சதவீதம்ங்கிறது மேல முடிவானது. நாங்க தீர்மானம் போடலைன்னா ஊருக்கு வர்ற மானியம் நின்னுரும். நான் என்ன செய்ய?” அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் மனுவுக்குப் பதில் வரவில்லை.

அப்போது தெருவில் பலரைக் கட்டிப்போட்டது ஒரு பழைய நம்பிக்கை. 2018-இல் இதேபோல வரியை ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்தது, 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். “இப்பவும் நிறுத்திருவான், பேசாம இருங்க” என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதை நம்பி நோட்டீசைப் பெட்டியில் போட்டு மூடியவர்கள்தான் பின்னால் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

நான் நோட்டீசை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொகையைப் பார்த்த கண்ணுக்கு முதலில் படாத ஒன்று அதில் இருந்தது: ‘பரப்பு 1,310 சதுர அடி.’ எங்கள் வீடு அவ்வளவு பெரிதா? அப்புறம்தான் உறைத்தது. பின்னால் இருக்கிற செட்டையும் சேர்த்திருக்கிறார்கள். மாமனார் மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைக் காயவைத்த செட்டு அது. கூரைத் தகரம் காற்றில் போய்ப் பல வருஷம் ஆகிறது. நான்கு குட்டிச்சுவரும் நடுவில் ஒரு வேப்பங்கன்றும்தான் மிச்சம். அது இல்லாவிட்டால் வீடு 1,060 சதுர அடி. 1,200-க்குள் வந்துவிடும், 75 சதவீதம் 50 ஆகிவிடும்.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. விகிதம் வேறு, அளவு வேறு. விகிதத்தை எங்கள் தெரு மாற்ற முடியாது. ஆனால் அந்த விகிதம் எந்த அளவின் மேல் விழுகிறது என்பது எங்கள் ஊர் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் இருக்கிறது, அது தப்பாக இருந்தால் திருத்தியே ஆக வேண்டும். கூட்டு மனுவில் நாங்கள் விகிதத்தைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொத்தனார் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுத் தம்பியிடம் 100 அடி டேப் இருந்தது. முதலில் மேல வீட்டு ஆச்சி வீட்டுக்குப் போனோம். தனியாக இருக்கிற மனுஷி, விதவைப் பென்சன்தான் வருமானம். நோட்டீசில் 621 சதுர அடி, 50 சதவீதம் உயர்வு. டேப்பின் ஒரு முனையை வாசல் சுவரின் வெளிமூலையில் ஆச்சியின் பேத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டாள், மறுமுனையைத் தம்பி பின்சுவருக்கு இழுத்துக்கொண்டு போனான். சுவரின் கனமும் கணக்கில் சேரும் என்பதால் வெளியே வைத்துத்தான் அளக்க வேண்டும். இரண்டு தடவை அளந்தோம், 579-தான் வந்தது. மீதி 42 சதுர அடி எங்கே போனது? ஆச்சிதான் கண்டுபிடித்தாள். வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் 3 அடி அகலம், 14 அடி நீளத்துக்கு ஒரு பொது முடுக்கு இருக்கிறது. மூன்று வீட்டுச் சனமும் தண்ணீர் கொண்டுவர அதில்தான் நடக்கிறார்கள். “அது என் புருசன் சொத்தும் இல்ல, என் மாமன் சொத்தும் இல்ல. அதுக்கு நான் எதுக்குத் தீர்வை கட்டணும்?” என்றாள். பேத்தியின் நோட்டில் நீளம் அகலம் எல்லாம் எழுதி, ஒரு படமும் போட்டு, ஆச்சியின் பத்திரத்தில் முடுக்கு ‘பொதுப்பாதை’ என்று இருந்த வரியை நகல் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் கேட்டவர்கள் வீட்டையெல்லாம் அளந்தோம். பாதிக்கு மேல் சரியாகவே இருந்தது, அவர்களிடம் மனுப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொய்யான மனு ஒன்று போனாலும் உண்மையான மனுக்களின் மேல் சந்தேகம் விழும்.

மனு எழுதிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்த நிலைமையில் இருக்கிற யாருக்காவது உதவும். வரிவிதிப்பு எண்ணை முதல் வரியிலேயே எழுதினோம். நோட்டீசில் உள்ள அளவு, எங்கள் அளவு, வித்தியாசம் எந்த இடத்தில் வந்தது என்று மூன்றே விஷயம். தொழில் நசிந்தது, கஷ்டம், கருணை எதுவும் எழுதவில்லை. மன வருத்தத்தோடுதான் அதை விட்டோம், ஆனால் அளவுத் தப்பைத் திருத்த அளவு போதும். வீட்டுக்கு ஒரு மனு, ஒவ்வொன்றும் ஆணையாளர் பெயருக்கு, நோட்டீஸ் கிடைத்த 30 நாட்களுக்குள். கையில் கொடுத்ததற்கு நகலில் முத்திரை வாங்கினோம். முத்திரை போட மறுத்த ஒருநாள் அப்படியே தபாலாபீசுக்குப் போய் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதிவேட்டுப் பக்கத்தின் நகல் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண ஸ்டாம்பு ஒட்டி ஒரு விண்ணப்பமும் போட்டேன். பதில் வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் ஆட்சேபணைக் காலம் போய்விடும். எனவே மனுவை முதலில் கொடுங்கள், நகல் பின்னால் வரட்டும். இன்னொன்று, கோபத்தில் வரியே கட்டாமல் இருக்காதீர்கள். தெரிந்த வக்கீல் சொன்னபடி நாங்கள் பழைய தீர்வைத் தொகையைக் கட்டி ரசீது வைத்துக்கொண்டோம். அப்படிக் கட்டாதவர்களிடம் மேசைக்கு அந்தப்பக்கம் முதல் கேள்வியே “பாக்கி எப்ப கட்டப் போறீங்க?” என்பதாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை படியேறினேன் என்று எண்ணவில்லை. ஒருநாள் பில் கலெக்டர் லீவு, ஒருநாள் ஃபைல் மேலே போயிருக்கிறது. அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு வலி என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவது இதனால்தான்.

ஐப்பசியில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை, மறு அளவைக்கு வந்தார்கள். வந்த வருவாய் உதவியாளர் செட்டுக்குள் தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார். “இதுக்குப் போட்டது தப்புதாம்மா” என்று சொல்லி அங்கேயே குறித்துக்கொண்டார். முடுக்கையும் அளந்தார். கார்த்திகை கடைசியில் உத்தரவு வந்தது. எங்கள் வீடு 1,060 சதுர அடி, செட்டுக்குப் போட்டதைக் கழித்து அரையாண்டுக்கு 802 ரூபாய். ஆச்சிக்கு 25 சதவீதம்தான். எங்கள் தெருவிலிருந்து போன மனுக்களில் ஏறக்குறைய பாதி திருத்தமாகி வந்தது.

ஆச்சிக்குக் குறைந்தது சில நூறு ரூபாய்தான். சில நூறுக்கு இவ்வளவு அலைச்சலா என்று என் கம்பெனியிலேயே கேட்டார்கள். பென்சனில் மருந்து வாங்கியது போக மீதியை எண்ணி வைக்கிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அதோடு, இப்போது வருஷா வருஷம் வரியை 6 சதவீதம் ஏற்றலாம் என்றொரு ஏற்பாடும் வந்திருக்கிறது. அந்த 6 சதவீதம் தப்பான அளவின் மேல் ஏறினால் தப்பும் வருஷா வருஷம் வளரும்.

தோற்ற மனுக்களில் எனக்கு ஆறாதது ஒன்று. தெருமுனை மதினி தன் வீட்டு முன்னறையில் பெட்டிக்கடை வைத்திருந்தாள். கொரோனாவில் மூடியது, இப்போது அங்கே கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். பதிவேட்டில் இன்னும் கடைதான், அதனால் அந்த அறைக்கு 100 சதவீதம். சட்டர் கதவு இருக்கிறது என்பதை வைத்து மனுவைத் தள்ளிவிட்டார்கள். சட்டரை எடுத்துவிட்டுச் சுவர் கட்ட அவளிடம் பணம் இல்லை. போன வாரம் கட்டிலையும் துணிக்கொடியையும் படம் பிடித்து, கடைக்கென்று தனியாக இருந்த மின் இணைப்பைத் துண்டித்ததற்கான சீட்டையும் இணைத்து, புது மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவளோடு நானும் போகிறேன்.