சபா மெயில் ஸ்பாமில் விழாமல் இருக்க நாங்கள் செய்தவை

சென்னையில் ஒரு சிறிய சபாவுக்கு மெயில் அனுப்பும் பொறுப்பு என்னுடையது. மார்கழி வந்தால் கச்சேரிப் பட்டியல், நேர மாற்றம், பாஸ் கொடுக்கும் நாள் எல்லாம் மெயிலில்தான் போகும். உறுப்பினர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஸ்பாம் என்று தனியாக ஒரு பெட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது. "மெயிலே வரலையேம்மா" என்று போன் வரும்போது மனசு கஷ்டப்படும்.

கேட்டவர்கள் எல்லோரும் சப்ஜெக்ட் வரியை மாற்றச் சொன்னார்கள். 'இலவசம்' வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டாம் என்று. அதையெல்லாம் எடுத்தும் பலனில்லை. காரணம் அந்த மெயிலுக்குள்ளேயே இருந்தது. ஸ்பாமில் விழுந்த மெயிலைக் கணினியில், ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் மேலே ஒரு சிறு அட்டவணை வரும். எங்களுக்கு வந்தது: எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் ஃபெயில். அனுப்பிய சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது எஸ்பிஎஃப், மெயிலில் உள்ள டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்ப்பது டிகிம். அவற்றில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியின் டொமைனோடு (@ குறிக்குப் பின் வரும் பெயர்) பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். டிகிம் பாஸுக்குப் பக்கத்தில் இருந்தது மெயில் அனுப்பித் தரும் சேவையின் டொமைன். அனுப்புநர் இடத்திலோ சபாவின் பழைய ஜிமெயில் முகவரி. இரண்டும் பொருந்தாவிட்டால் டிமார்க் தேறாது. ஜிமெயில் முகவரியைப் போட்டு வெளிச் சேவை வழியாக அனுப்பக்கூடாது என்று கூகுளின் அனுப்புநர் விதிகளே சொல்கின்றன.

அதனால் சபாவின் சொந்த டொமைனுக்கு மாறினோம். சேவை கொடுத்த டிகிம் பதிவுகளை டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்கள் பதிவாகியிருக்கும் இடம்) சேர்க்க வேண்டும். சேர்த்தும் 'சரிபார்க்க முடியவில்லை' என்றே வந்துகொண்டிருந்தது. டொமைன் வாங்கிய நிறுவனத்தின் பக்கம், பெயர்க் கட்டத்தில் நாம் எதை எழுதினாலும் பின்னால் டொமைனைத் தானாக ஒட்டிவிடும். முழுப் பெயரையும் பேஸ்ட் செய்தால் டொமைன் இரண்டு முறை வந்து நிற்கும். இது அவர்கள் உதவிப் பக்கத்தில் எங்கும் இல்லை. முன்பகுதியை மட்டும் போட்டதும் சரியானது.

எஸ்பிஎஃப் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே பதிவுதான். வெப்சைட்டுக்காக ஏற்கெனவே ஒன்று இருந்ததால் புதிய சேவையையும் அதிலேயே சேர்த்தோம். தனியாக இன்னொன்று போட்டால் இரண்டுமே செல்லாது.

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயில் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம். ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பாம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது. நாங்கள் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட இல்லை, ஆனாலும் விலகும் வசதியை வைத்தோம். கமிட்டியில் எதிர்ப்பு வந்தது. விலக வழி தெரியாதவர் 'ஸ்பாம்' பட்டனை அழுத்துவார், அது மற்ற எல்லோருடைய மெயிலையும் பாதிக்கும் என்று எடுத்துச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். திரும்பி வந்த முகவரிகளை நீக்கினோம். ஒரே போஸ்டர் படமாக அனுப்பியதை விட்டு, பாடகர் பெயர், பக்கவாத்தியம், நேரம் எல்லாவற்றையும் எழுத்திலேயே கொடுக்கிறோம். கண் மங்கியவர்களும் பெரிதாக்கிப் படிக்கலாம்.

இப்போது மூன்று வரியிலும் பாஸ். போன்களும் வெகுவாகக் குறைந்துவிட்டன. டிமார்க்கை இன்னும், தேறாத மெயிலைத் தடுக்காமல் அறிக்கை மட்டும் தரும் கண்காணிப்பு நிலையில்தான் வைத்திருக்கிறேன். வெப்சைட்டின் தொடர்புப் படிவமும் எங்கள் பெயரில் மெயில் அனுப்பித் தேறாமல் போவது அதன் அறிக்கையில்தான் தெரிந்தது. அதைச் சரிசெய்த பிறகே கடுமையான நிலைக்கு மாற்றுவேன்.