ஆறு, ஏழு

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போன மாதம் மகளின் தோழிகள் மூவர் வந்திருந்தார்கள். "பாட்டி ஊர்லேர்ந்து ஆறு, ஏழு மணிக்குள்ள வந்துடுவாங்க, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கம்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நால்வரும் உள்ளங்கைகளை விரித்து, தராசுத் தட்டுகளைப் போல மாற்றி மாற்றி ஏற்றி இறக்கி, "சிக்ஸ் செவன்" என்று கத்திச் சிரித்தார்கள். பொருள் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லப்பா, அதான் ஜோக்கே" என்றாள் மகள்.

நான் விடவில்லை. இரவு கைப்பேசியில் தேடியதில், அது ஸ்க்ரில்லா என்னும் அமெரிக்க ராப் பாடகரின் பாட்டில் வரும் வரி என்றும், கூடைப்பந்து வீடியோக்களோடு சேர்ந்து பரவியது என்றும், டிக்‌ஷனரி டாட் காம் அந்த எண்ணையே 2025ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது என்றும் தெரிந்தது. பொருள் மட்டும் அங்கேயும் இல்லை. மகள் சொன்னது சரிதான்.

இப்படித் தேடித் தெரிந்துகொள்வதில் எனக்கு வெட்கமில்லை என்றாலும், தெரிந்துகொள்ளும்போது எப்போதும் பந்தி முடிந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு 2023ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்த 'ரிஸ்' என்பது 'கரிஸ்மா'வின் நடுவிலிருந்து வெட்டியெடுத்த துண்டு என்று நான் பெருமையோடு விளக்கியபோது, "அது பழசுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் சொன்ன நகைச்சுவைக்கு அவள் மண்டையோட்டுப் படம் போட்டதைப் பார்த்து என் அம்மா பதறிப்போய், யாருக்கு என்ன ஆயிற்று என்று தொலைபேசியில் கேட்டார். 'சிரித்தே செத்தேன்' என்று பொருள் சொல்லிச் சமாதானப்படுத்தியவன் நான்தான். அன்று என் ஆராய்ச்சி உதவியது.

'பூமர்' என்று அழைக்கப்படுவதை மட்டும் ஏற்க மாட்டேன். 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களுக்கு அமெரிக்காவில் வைத்த பெயர் அது. 1979இல் பிறந்தவனுக்கு எப்படிப் பொருந்தும்? ஆனால் தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் 'பூமர் அங்கிள்' என்பது பிறந்த ஆண்டின் கணக்கே அல்ல, அறிவுரை சொல்லும் எவருக்கும் கிடைக்கும் பட்டம். ஆண்டுக்கணக்கை நான் எடுத்து விளக்கியதாலேயே அந்தப் பட்டம் எனக்கு உறுதியானது.

இந்த ஊரில் கன்னடப் பையனும் இந்திப் பையனும் ஒருவரையொருவர் 'மச்சா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் மச்சானிலிருந்து போன அந்தச் சொல்லை எவரும் அகராதி பார்த்துக் கற்கவில்லை. கூடவே சுற்றித் திரிந்ததில் ஒட்டிக்கொண்டது. எனக்கு இல்லாதது அந்தச் சுற்றல்தான். ஆகவே பிள்ளைகளின் சொற்களைப் புரிந்துகொள்வேன், வாயால் சொல்ல மாட்டேன் என்று முடிவெடுத்திருந்தேன்.

போன சனிக்கிழமை ஒரு தர்ஷினியில், அதாவது நாமே எடுத்து நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடையில், மசால் தோசைக்காகக் காத்திருந்தோம். "சிக்ஸ்டி செவன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என் கைகள் தாமாகவே விரிந்து மேலே எழுந்தன. "அப்பா, ப்ளீஸ்" என்று மகள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக் கீழே இறக்கினாள்.