அப்பா நின்ற படி

வீட்டில் துக்கம் நடந்தால் ஒரு வருடம் மலைக்கோயில் ஏறக் கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். அப்பாவின் வருடத் திதி போன மாதம் முடிந்தது. அடுத்து வந்த கிருத்திகைக்கே அம்மா, "தண்ணீர்மலைக்குப் போயிட்டு வந்துடலாம்மா. அப்புறம் பசியாறிக்கலாம்" என்றார்.

தண்ணீர்மலை, மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் முருகன் கோயில். கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து விடியுமுன் கிளம்பினோம். பாலத்தில் கார் ஏறியதும் அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். அது அப்பா வேலை பார்த்த பாலம்.

1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ஃபெரியில்தான் போக வேண்டும். மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். அப்பா அப்போது இளம் சிவில் இஞ்சினியர். கான்கிரீட் போடும் நாளில் விபூதி பூசி, "முருகா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்குவாராம். ஆனால் சைட்டுக்குப் போனபின் எதையும் முருகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டவரில்லை. கம்பிக்கு மேல் எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதைத் தானே டேப் பிடித்து அளப்பார். அது குறைந்தால் கடல் உப்பு சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். கம்பி துருப்பிடித்து, துரு உப்பி, கான்கிரீட்டையே பிளந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது எதுவுமே தெரியாது.

"யாருக்குப்பா தெரியப்போகுது, இவ்வளவு அளக்கிறீங்க?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "உள்ள இருக்கிறது அவனுக்குத் தெரியும்ல" என்றார். அப்பாவின் பக்தியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பதில்தான்.

வீட்டிலும் அப்படித்தான். எங்கள் கணக்குப் பாடத்தில் விடை சரியாக இருந்தாலும் வழியைப் பார்க்காமல் விடமாட்டார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டால், ஒவ்வொரு காலையும் பிடித்து ஆட்டிப் பார்த்தபிறகுதான் மற்றவர்களை உள்ளே விடுவார். 1894-இலிருந்து ஓடும் செட்டியார் வெள்ளித்தேர் வரும்போது மட்டும், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுத் தேங்காயோடு தெருவுக்கு ஓடிவிடுவார்.

மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறத் தொடங்கினோம். மொத்தம் 513 படி. பழைய கோயில் இருந்த காலத்திலிருந்தே அப்பா மாதம் தவறாமல் ஏறியவர். 2012-இல் மேலே புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த பிறகு நாங்கள் போன முதல் நாள், சன்னதிக்குள் போகாமல் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே வெகுநேரம் நின்றார். நாங்கள்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனோம்.

பாதிக்கு மேல் ஏறியதும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்கப்பா இங்கதான் நிப்பாரு. சுவத்தத் தடவிப் பாப்பாரு, கைப்பிடிய ஆட்டிப் பாப்பாரு, பூச்சு நல்லா வந்திருக்கும்பாரு. எனக்கு முட்டி வலிக்குதுன்னு அவருக்குத் தெரியும். உக்காருன்னு சொன்னா நான் கேக்கமாட்டேன்னும் தெரியும்."

எத்தனையோ தடவை அவர்களோடு ஏறியிருக்கிறேன். அப்பா வேலைப்பாட்டை ரசிக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பி, பூச்சைக் கையால் தடவினேன். அம்மாவின் மூச்சு சீராகும்வரை தடவிக்கொண்டே இருந்தேன்.

மேலே கூட்டம் அதிகமில்லை. பாலாபிஷேகம் முடிந்து திரை விலகியது. சந்தனக்காப்பில் பாலதண்டாயுதபாணி, கையில் தண்டம், நெற்றி நிறைய விபூதி. அம்மா அழவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அம்மா முதலில் சொல்லி வந்தது அப்பாவின் பெயரைத்தான். சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். குருக்களும் அவசரப்படுத்தவில்லை. அம்மா என் மகனைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்தி, அவன் பேரையும் பூரட்டாதி என்று நட்சத்திரத்தையும் சொன்னார். தீபாராதனை முடியும்வரை அவர் கை அவன் தோளிலேயே இருந்தது.