காந்திபுரத்துக்கு அடியில் ஒரு நிலையம் வரைந்து முடித்த அனுபவம்

சிவில் கடைசி ஆண்டு புராஜெக்டாக நாங்கள் மூன்று பேர் எடுத்துக்கொண்டது, கோவை காந்திபுரத்தில் கிராஸ்கட் ரோடு பக்கம் ஒரு சுரங்க மெட்ரோ நிலையம். சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் கோவைக்குத் தயாரித்த திட்ட அறிக்கையில் அவிநாசி ரோடு, சத்தி ரோடு என இரண்டு தடங்களும் தூண்மேல்தான் போகின்றன. ஏற்கெனவே மேம்பாலம் நிற்கும் காந்திபுரத்தில் தரைக்கு அடியில் போனால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டோம்.

முதல் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடைமேடை, டிக்கெட் தளம், எஸ்கலேட்டர் எல்லாம் வரைந்திருந்தோம். "காத்து எந்த வழியா வரும்மா?" என்று கைடு கேட்டார். பதில் இல்லை. புகையை இழுக்கும் பெரிய விசிறிகளும் ஏசி பிளான்ட்டும் மின்மாற்றிகளும்தான் நிலையத்தின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்கின்றன. சென்னை முதல் கட்டத்தில் ஆறு பெட்டி ரயில் நிற்கச் சுமார் 140 மீட்டர் நடைமேடை. நிலையத்தின் நீளமோ 200 மீட்டரைத் தாண்டும். அந்த விசிறிகளுக்குக் காற்று போய்வரும் கூண்டுகள் தரைக்கு மேலே எட்டிப் பார்க்கிற இடமெல்லாம் யாரோ ஒருவருடைய கடை வாசல்.

அடுத்து பாறை. மண் பரிசோதனைக்கு எங்களிடம் பணம் இல்லை. ஊரில் போர்வெல் வண்டி வைத்திருக்கும் பெரியப்பாவிடம் புலம்பினேன். "ஏங்கண்ணு, மண்ணு சரியாம இருக்க எறக்கற கேசிங் பைப் எத்தனை அடி எறங்குச்சோ, அதுக்குக் கீழ கெட்டிப் பாறைதான். கடைக்காரங்களக் கேளு" என்றார்.

இரண்டு வாரம் கடை கடையாக ஏறினோம். ஆயிரம் அடி ஓட்டிய கதையைச் சொல்லாதவர் இல்லை. கேசிங் அளவு ஞாபகம் இருந்தவர்கள் குறைவு. சிலர் பழைய பில்லைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்தடுத்த கட்டடங்களில்கூட அளவு ஒத்துப்போகவில்லை. அதாவது, பாறையின் மேல்மட்டம் ஏறி இறங்கிக் கிடக்கிறது. சுரங்க இயந்திரத்தின் முகத்தில் பாதி பாறை, பாதி மண் வந்தால் அதுதான் மிகச் சிரமமான நிலை. கைவிட்ட போர்வெல் குழி வழியில் இருந்தால், மண்ணை இளக்க இயந்திரத்துக்குள் செலுத்தும் நுரை அதன் வழியே மேலே வந்துவிடும். அதனால் போர்வெல் வரைபடத்தையே தனித் தாளாக வைத்தோம். எங்கள் புராஜெக்டில் நான் பெருமைப்படுவது அந்த ஒரு தாளைத்தான்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை கிராஸ்கட்டில் நின்று ஆட்களை எண்ணினோம். தீ விபத்தென்றால் நடைமேடை 4 நிமிடத்தில் காலியாக வேண்டும், எல்லோரும் 6 நிமிடத்தில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என்எஃப்பிஏ 130 என்ற அமெரிக்கத் தீப் பாதுகாப்புத் தர விதி. துணிப்பை, கைக்குழந்தையோடு வரும் அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் போட்ட படிக்கட்டு போதவில்லை. இரண்டை நான்காக்கினோம்.

படிக்கட்டு கூடியதும் சாலைக்கு அடியில் இடம் போதவில்லை. சரி என்று நிலையத்தை டவுன் பஸ் ஸ்டாண்ட் திடலுக்கு அடியில் நகர்த்தினோம். பஸ்ஸிலிருந்து இறங்குபவருக்கு ரோட்டைக் கடக்கும் வேலையும் மிச்சம். மேம்பாலத் தூண்களின் அஸ்திவாரத்திலிருந்து தள்ளி வைக்கவே மூன்று முறை மாற்றி வரைந்தோம். வைவாவில் அதிகம் கேள்வி வந்ததும் அதில்தான். அரை மணி நேரம் நின்று பதில் சொன்னோம்.

கேசிங் கணக்கு எழுதிய நோட்டை ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் உக்கடம் எடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பெரிய குளம் இருப்பதால், அங்கே பாறையோடு தண்ணீர் மட்டத்தையும் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.