விடுதிக்கும் கொஞ்சம் கொடுங்கள்

பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை என்றதும் நம் நினைவுக்கு வருவது கல்வி உதவித்தொகை, இல்லையென்றால் பெயர் பொறித்த கட்டடம். விடுதி வாழ்க்கைக்குக் கொடுக்கலாமே என்று யாருக்கும் சட்டெனத் தோன்றுவதில்லை. எனக்குத் தோன்றக் காரணம் என் அறைத்தோழி.

முதலாண்டு விடுமுறைக்கு எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஊருக்குப் போகக் காசில்லை. விடுமுறையில் விடுதியில் தங்கத் தனிக் கட்டணம். மறுநாள் வார்டன் வந்து, "முன்னாள் மாணவர் நிதியிலிருந்து கட்டியாச்சு, நீ இரும்மா" என்றார். அதன்பிறகு அவள் ஒவ்வொரு துணியாக அலமாரியில் எடுத்து வைத்த நிதானம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரிய கொடைகளும் உண்டுதான். அமெரிக்காவின் ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களில் 1930களில் எழுந்த மாணவர் இல்லங்களுக்கு எட்வர்டு ஹார்க்னஸ் என்ற ஒரே மனிதரின் பணம்தான் அடித்தளம். சாப்பாட்டுக்கூடம், நூலகம், கூடவே ஆசிரியர்கள் என்று இல்லத்துக்குள்ளேயே ஒரு சிறு உலகம்.

ஆனால் அன்றாடச் செலவுக்குத்தான் கொடுப்பவர் குறைவு. மனநல ஆலோசகரின் சம்பளம், நாடகக் குழுவின் பேருந்துக் கட்டணம், அவசரத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. நிரந்தர வைப்பு நிதி என்றால் அசல் தொகையைத் தொடமாட்டார்கள். பெரும்பாலும் ஆண்டுக்கு 4, 5 சதவீதம்தான் செலவுக்கு வரும். அதனால் சிறு தொகை கொடுப்பவர்கள் "மாணவர் நலனுக்கு, உடனே செலவிட" என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பணம் வேறு கணக்குக்குப் போகாது.

நான் மாதாமாதம் அப்படித்தான் எழுதி அனுப்புகிறேன்.